மாட்யூலை மாற்றினால் மட்டும் போதுமா?
கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. அப்போது திருவண்ணாமலையில் மழையில் நின்ற எஸ்யூவியில் வைப்பர் தானாக ஓடி, கதவுப் பூட்டும் முரண்டு பிடித்தால், பழி முதலில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் மீதுதான் விழும். அது சுவிட்சுகளின் சிக்னலைப் படித்து விளக்கு, ஹாரன், பூட்டுகளை இயக்கும் சிறு கணினி. பச்சை பூத்த கனெக்டர் பின்னோ தளர்ந்த எர்த் வயரோ தவறான சிக்னல் தந்தாலும் இதே கோளாறுதான் தெரியும். ஆகவே பேட்டரி, ஃபியூஸ், எர்த் மூன்றையும் சோதித்த பிறகே மாட்யூலைச் சந்தேகிப்பது நியாயம்.

வேறு வண்டியில் கழற்றியதை மாட்டினால் செலவு மிச்சம்தானே என்று கேட்கலாம். பெட்டி பொருந்தும், உள்ளே பதிந்த தகவல் பொருந்தாது. பல மாடல்களில் சாவிக்கான இம்மொபிலைசர் குறியீடு அதில்தான் இருக்கிறது. அது ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்யூலை மாற்றுவது பாதி வேலை. ஸ்கேனரில் கோடிங் செய்து சாவிகளைப் பதிவதுதான் மீதி.