உள்ளங்கையில் சிற்றலை வானொலி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈப்போ: "ஏம்பா, இதுல சிலோன் கெடைக்குமா?"

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சியிருக்கும் சில லயத்து வீடுகளில் ஒன்றில் என் தாத்தா இன்னும் வசிக்கிறார். நான் புதிதாக வாங்கிய வானொலியை அவர் கையில் கொடுத்தபோது கேட்ட முதல் கேள்விதான் மேலே உள்ளது. சீட்டுக்கட்டைவிடச் சற்றே பெரிய கருவி. முகப்பில் சிறிய வண்ணத்திரை, பக்கத்தில் ஒரு திருகு, தலையில் இழுத்து நீட்டும் கம்பி. "இவ்வளவுதானா ரேடியோ?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் இளைஞராக இருந்த காலத்தில் தோட்டத்தில் கிராணி வீட்டில்தான் பெரிய வானொலிப் பெட்டி இருந்தது. இரவில் வாசலில் உட்கார்ந்து இலங்கை வானொலியைக் கேட்டதை இன்றும் சொல்வார். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு உறவினர் பெயர்கள் மாதிரி.

அந்தக் குரல்கள் கடல் கடந்து வந்தது சிற்றலையில்தான். இப்போது 'எஸ்.டி.ஆர்.' எனப்படும் மென்பொருள் வானொலிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால், சிற்றலை கேட்கும் ஆர்வம் மீண்டும் சிலரிடம் துளிர்த்திருக்கிறது. இணைய விற்பனைத் தளங்களில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்காக, நான் வாங்கிப் பயன்படுத்தித் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

சிற்றலை என்றால் என்ன?

நாம் அன்றாடம் கேட்கும் பண்பலை, ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குத்தான் போகும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் போனாலே சில இடங்களில் கரகரக்கும். சிற்றலை அப்படியில்லை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் மேலே சென்று, பூமிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்கும். அதனால்தான் நடுவில் துணைக்கோளோ கேபிளோ இல்லாமல் கொழும்பு பேசியது தோட்டத்தில் கேட்டது.

நம் நாட்டு வானொலியும் சிற்றலையில் இருந்தது. ஆர்டிஎம்மின் தமிழ் ஒலிபரப்பு, காஜாங் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து 4845 கிலோஹெர்ட்ஸில் வந்த காலம் ஒன்று உண்டு. இன்று அதே ஒலிபரப்பை மின்னல் பண்பலை என்ற பெயரில் எஃப்.எம்மிலும் இணையத்திலும் கேட்கிறோம்.

பாப்பானில் மறைத்து வைத்த வானொலி

சிற்றலையைப் பற்றிப் பேராக்கில் பேசினால் பாப்பானைச் சொல்லாமல் விட முடியாது. ஈப்போவுக்குத் தென்மேற்கே, பத்து காஜா போகும் வழியில் உள்ள சிறிய ஈயச் சுரங்க ஊர் அது. ஜப்பானியர் காலத்தில் அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் மருத்துவ உதவி செய்துவந்தவர் சிபில் கார்த்திகேசு. அவருடைய கணவர் டாக்டர் ஏ.சி.கார்த்திகேசு இலங்கைத் தமிழர்.

வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பதை ஜப்பானியர் தடை செய்திருந்தனர். சிக்கினால் சித்திரவதை, உயிரும் போகலாம். சிபில் தம் வீட்டில் வானொலியை ஒளித்து வைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டு, நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லிவந்தார். வெளியே பேசும்போது காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று அந்தப் பெட்டிக்கு 'ஜோசஃபின்' என்று பெண் பெயரே வைத்திருந்தனர். கொரில்லாப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்கும் வானொலி வைத்திருந்ததற்கும் 1943இல் அவர் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், அந்தக் காயங்களின் விளைவாக 1948இல் பிரிட்டனில் காலமானார். பின்னர் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது.

அன்று உயிரைப் பணயம் வைத்துக் கேட்டதை இன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

பழைய பெட்டியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாகம் இருக்கும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சுருளும் மின்தேக்கியும், பக்கத்து நிலையத்தின் குரலைத் தள்ளிவிட ஒரு வடிப்பான், ஒலியைப் பிரித்தெடுக்க ஒரு சுற்று. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பாகத்தையே மாற்ற வேண்டும்.

மென்பொருள் வானொலி வேறு வழியில் போகிறது. ஏரியல் பிடித்துத் தரும் அலையைத் தொடக்கத்திலேயே எண்களாக மாற்றிவிடுகிறது. வினாடிக்குப் பல இலட்சம் முறை அலையை அளந்து, அந்த எண்களை ஒரு சில்லுக்கு அனுப்புகிறது. நிலையத்தைப் பிரிப்பது, இரைச்சலைக் குறைப்பது, ஒலியாக்குவது எல்லாம் கணக்காகவே நடக்கின்றன. வடிப்பானை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்க வேண்டுமா? திரையில் ஒரு தட்டு தட்டினால் போதும்.

இதன் கூடுதல் பயன், கண்ணாலும் வானொலியைப் பார்க்க முடிவது. திரையில் அருவி போல வண்ணக்கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சமான கோடு தெரிந்தால் அங்கே ஒரு நிலையம் இருக்கிறது என்று பொருள். இருட்டில் துழாவுவது போல் திருகிக்கொண்டே போக வேண்டியதில்லை.

எதை வாங்குவது?

சந்தையில் மூன்று வகை உண்டு. விலை நூற்றுச் சொச்சம் வெள்ளியிலிருந்து சில நூறு வெள்ளி வரை போகும்.

முதலாவது, கணினியில் செருகும் 'ஆர்டிஎல்-எஸ்டிஆர்' குச்சி. இலக்கவியல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட மலிவான கருவி இது. அதிலுள்ள சில்லு, அலையை அப்படியே எண்களாகக் கொடுக்கும் என்பதை ஆர்வலர்கள் 2012 வாக்கில் கண்டுபிடித்த பிறகுதான் மென்பொருள் வானொலி சாதாரண மக்களின் கைக்கு வந்தது. எல்லாக் குச்சியும் சிற்றலையைப் பிடிக்காது. அந்த வசதி உள்ள பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, 'ஏடிஎஸ் மினி' போன்ற மிகச் சிறிய பெட்டிகள். இவற்றில் சி4732 என்ற ஒரே சில்லு பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. எண்முறையில் இயங்கினாலும், மேலே சொன்ன அருவிப் படத்தை இதில் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. விற்பவர்கள் எல்லாவற்றையும் எஸ்.டி.ஆர். என்றே விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது போதும்.

மூன்றாவது, 'மலாஹிட்' போன்ற தொடுதிரைக் கருவிகள். ரஷ்ய ஆர்வலர்கள் வடிவமைத்தது. கணினி தேவையில்லை, உள்ளே மின்கலம் உண்டு. நான் வாங்கியது இந்த வகையைப் பார்த்துச் செய்த போலி. படத்தில் அசல் போலவே இருந்தது, விலை மட்டும் குறைவு. மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற முயன்றபோதுதான் ஏற்காது என்று தெரிந்தது. விற்றவர் அதன்பின் பதிலே அனுப்பவில்லை. "புதுப்பிக்க முடியுமா?" என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வாங்காமலேயே அனுபவித்துப் பார்க்கவும் வழி உண்டு. நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள சிற்றலை வாங்கியை 2008 முதல் இணையம் வழி யாரும் இயக்கலாம். 'கிவி எஸ்டிஆர்' என்ற வகையிலும் உலகெங்கும் பலர் தங்கள் வாங்கியைத் திறந்து வைத்துள்ளனர். கைப்பேசி போதும். ஆனால் அங்கே கேட்பது அந்த ஊரில் கேட்பதுதான், நம் ஊரில் கேட்பதல்ல.

ஏரியல்தான் பாதி வானொலி

பெட்டி வந்த அன்று ஈப்போவில் என் தாமான் வீட்டில் போட்டுப் பார்த்தேன். "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான். பணம் வீண் என்றே நினைத்தேன். காரணம் வானொலியில் இல்லை, வீட்டில் இருந்தது. மின்கலத்தில் வானொலியை ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்தேன். திரையில் இருந்த கோடுகளில் பாதி மறைந்தன. பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்ததில், சாமி மேடையில் எரிந்த மலிவான எல்.இ.டி. சரவிளக்குதான் பெரிய குற்றவாளி என்று தெரிந்தது. அடுத்தது கைப்பேசி சார்ஜர்.

அதே பெட்டியைத் தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோனபோது கதை மாறியது. அக்கம்பக்கத்தில் மின்கருவிகள் குறைவு. எட்டு மீட்டர் சாதாரண மின்கம்பியை ஜன்னலிலிருந்து ரம்புத்தான் மரத்துக்கு இழுத்துக் கட்டினேன். ஊமையாய் இருந்த இடங்களில் எல்லாம் குரல்கள்.

ஆனால் நீளம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஈப்போ பகுதிப் பண்பலை நிலையங்களின் கோபுரங்கள் கிளேடாங் மலையில் நிற்கின்றன. அவ்வளவு வலுவான அலை சிறிய வாங்கிக்குள் புகுந்தால் திணறிப்போய், இல்லாத இடத்தில் எல்லாம் எஃப்.எம். பாட்டைக் காட்டும். மலிவான குச்சிகளில் இது அதிகம். 8 பிட் வாங்கி ஓர் அலையை 256 படிகளில்தான் அளக்கும். 14 பிட் வாங்கி 16,384 படிகளில் அளக்கும். பக்கத்தில் ஒருவர் கத்தும்போது தூரத்தில் பேசுபவரின் முணுமுணுப்பையும் பிரித்தறிய அந்த நுணுக்கம் வேண்டும். திணறல் வந்தால் 'கெய்ன்' அளவைக் குறையுங்கள். சத்தம் குறையும், குரல் தெளியும்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரக் கம்பிக்கு மேலேயோ அருகிலோ ஒருபோதும் ஏரியலை வீசாதீர்கள். உலகில் இடிமின்னல் அதிகமுள்ள பகுதிகளில் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. மாலையில் வானம் கறுத்தால் முதலில் ஏரியலைக் கழற்றிவிடுங்கள். மழை வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.

எப்போது, எதைக் கேட்பது?

பகலில் 19, 25 மீட்டர் பட்டைகள். அதாவது ஏறக்குறைய 15, 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பொழுது சாய்ந்த பின் 31, 41, 49 மீட்டர் பட்டைகள். அதாவது 9, 7, 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம். தூரத்து நிலையங்களைப் பிடிக்க அந்தி மயங்கும் நேரமும் விடியற்காலையும் சிறந்தவை. பால்வெட்டுக்கு எழுந்த பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டமில்லை.

நேர அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். 1400 என்று போட்டிருந்தால் இரவு 10 மணி. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் நிலையங்கள் அலைவரிசையை மாற்றும். பழைய பட்டியலை நம்பி ஏமாற வேண்டாம்.

இனி கசப்பான உண்மை. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. மணிலாவிலிருந்து தமிழில் ஒலித்த வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. 1963இல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவு போன்றவற்றையும் இன்று பலர் இணையத்திலேயே தேடுகிறார்கள். சிற்றலையில் தமிழ் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுமக்களுக்காக ஒலிபரப்பப்படும் நிகழ்ச்சியைக் கேட்பது ஒன்று. காவல்துறை போன்ற தரப்புகளின் தொடர்புகளை ஒட்டுக்கேட்பது முற்றிலும் வேறு. இந்தக் கருவிகளில் பல சிற்றலையைத் தாண்டியும் பிடிக்கும். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவு, அனுமதியின்றிப் பிறர் தொடர்புகளை இடைமறிப்பதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. "சும்மா புலனத்தில் பகிர்ந்தேன்" என்பது சாக்காகாது. அமெச்சூர் வானொலியில் பேச விரும்பினால் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும்.

தாத்தாவின் கேள்விக்கு வருவோம்

அன்று இரவு ஒன்பதரை வரை திண்ணையில் உட்கார்ந்து தேடினோம். சீன மொழி வந்தது, அரபு வந்தது, இந்திப் பாட்டு ஒன்று அலை அலையாய் ஏறி இறங்கியது. பிறகு ஒரு மெல்லிய கோட்டின் மேல் திருகை நிறுத்தினேன். தமிழ். ஆண் குரல். தாத்தா கையைக் காட்டி "இரு, இரு" என்றார். எந்த நிலையம் என்று அறிவிக்கும் முன்பே குரல் மங்கிவிட்டது.

"சிலோனா அது?"

"தெரியல தாத்தா."

"பரவால்ல. நாளைக்கும் இதே நேரத்துக்கு வை."

தமிழ் ஒலிபரப்பு எதையாவது பிடித்தால் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட தெளிவு ஆகியவற்றைக் குறித்து அந்த நிலையத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பல நிலையங்கள் நன்றியாக வண்ண அட்டை அனுப்பும். அதைவிட முக்கியம், பேராக்கில் ஒரு வீட்டில் தமிழ் கேட்கப்படுகிறது என்ற தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரும். கேட்க ஆளில்லை என்று ஒரு நிலையம் முடிவெடுக்கும் நாளில், ஆள் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. நான் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் தாத்தாவிடம் கொடுத்து வந்திருக்கிறேன். நேரத்தை எழுதி வைப்பது அவர் வேலை.