ஆளரவமற்ற மேடை: ஓர் ஆங்கிலக் கிராமப் புகையிரத நிலையத்தின் வரலாறு

இங்கிலாந்திலே குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தின் கிழக்கெல்லையை அடுத்து அடில்ஸ்ட்ரொப் என்றொரு சிற்றூர் உண்டு. தேனின் நிறம் வாய்ந்த கல்லாற் கட்டிய வீடுகள் சில, பழைய தேவாலயம் ஒன்று, மேய்ச்சல் நிலங்கள், அவற்றினூடே ஓடும் ஈவன்லோட் என்னும் சிற்றாறு, ஊர் இவ்வளவே. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின் தம் தாய்வழி உறவினரைக் காண இவ்வூருக்கு வந்து சென்றதுண்டு. எனினும் ஆங்கிலம் பயின்றோர் நாவிலே இவ்வூர்ப் பெயர் நிலைபெற்றமைக்கு அவ்வம்மையார் காரணரல்லர். 112 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்து, பின் சுவடின்றி மறைந்த ஒரு சிறு புகையிரத நிலையமே காரணம்.

ஒக்ஸ்போட், வூஸ்டர், வுல்வர்ஹம்டன் ஆகிய நகரங்களை இணைக்கவென 1845ஆம் ஆண்டிலே ஒரு புகையிரதக் கம்பெனி சட்டப்படி நிறுவப்பட்டது. பணமுடையாலும் பிணக்குகளாலும் வேலை இழுபட்டது. கம்பெனிப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே, 'மோசத்திலும் மோசமான பழங்கம்பெனி' என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரை மக்கள் அதற்குச் சூட்டிவிட்டனர். ஒருவாறு 1853ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆந் திகதி ஒக்ஸ்போட் அயலிலிருந்து ஈவ்சம் வரையுள்ள பாதை திறக்கப்பட்டது. அடில்ஸ்ட்ரொப் நிலையமும் அதனோடு தோன்றிற்று. பத்தாண்டு கழித்து, 1863இல், அப்பாதை முழுவதும் கிறேட் வெஸ்டேண் கம்பெனியின் கைக்கு மாறியது.

நிலையத்தின் முதற் பெயர் 'அடில்ஸ்ட்ரொப்பும் ஸ்டோ ரோட்டும்' என்பது. ஸ்டோ என்பது சில மைலுக்கு அப்பால் மேட்டு நிலத்திலே உள்ள சந்தை நகரம். அக்காலப் புகையிரத மொழியில் ஒரு நிலையத்தின் பெயரோடு 'ரோட்' என்னுஞ் சொல் ஒட்டியிருப்பின், அந்நகரத்துக்குப் போகும் தெருவிலே இறக்கிவிடுவோம், எஞ்சிய தூரம் உங்கள் பாடு என்பதே அதன் பொருள். 1862இல் ஸ்டோவுக்குக் கிளைப்பாதை ஒன்றின்மீது தனி நிலையம் அமைந்ததும் இந்த வால் கழற்றப்பட்டது. உண்மையில் அடில்ஸ்ட்ரொப்வாசிகளுக்கும் நிலையம் வாசலில் இருக்கவில்லை. ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, தெருவும் தண்டவாளமும் சந்திக்கும் இடத்தில் அது நின்றது. இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

இத்தகைய நிலையம் ஒரு கிராமத்துக்குச் செய்த தொண்டை இன்று நாம் எளிதில் உணரோம். 1844ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் முன்னின்று நிறைவேற்றிய சட்டமொன்று புதிய கம்பெனிகள்மீது ஒரு கடமையைச் சுமத்தியது. நாள்தோறும் இரு திசையிலும் ஒவ்வொரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லுதல் வேண்டும். மூன்றாம் வகுப்புக் கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 12 மைலுக்குக் குறையலாகாது. வண்டிகளுக்குக் கூரை இருத்தல் வேண்டும். இறுதி விதி சிரிப்பை விளைவிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஏழைகள் மழையிலும் வெயிலிலும் திறந்த பெட்டிகளிற் பயணஞ் செய்தனர் என்பதை எண்ணின் சிரிப்பு அடங்கிவிடும். தம் மாவட்டத்துக்கு அப்பால் எதையும் கண்டிராத உழவுத் தொழிலாளிக்கு உலகைத் திறந்து காட்டியவை இந்தப் பென்னி வண்டிகளே.

புகையிரதம் கிராமத்துக்கு நேரத்தையுங் கொண்டுவந்தது. சூரியனைக் கொண்டு கணித்த ஊர்நேரம் இப்பகுதியிலே கிறீனிச் நேரத்துக்கு ஆறேழு நிமிடம் பிந்தியது. கிறீனிச் நேரமே நாட்டின் சட்டபூர்வமான நேரம் எனப் பாராளுமன்றம் விதித்தது 1880இல் தான். புகையிரதக் கம்பெனிகளோ அதற்கு நெடுங்காலம் முன்னரே அதைக் கைக்கொண்டன. ஊர்ச் சேவல் ஒரு நேரமும் நிலையக் கடிகாரம் வேறொரு நேரமும் காட்டிய காலம் அது!

கிராம நிலையங்களில் வைகறையிலே மேடை நிறையப் பாற்பாத்திரங்கள் நிற்கும். ஒரு பாத்திரம் 17 கலன் கொள்ளும். அதை விளிம்பிலே சாய்த்து உருட்டிச் செல்வது தனி வித்தை. பால் நகரத்துக்குப் போகும். நகரத்திலிருந்து நிலக்கரி, விதை, பத்திரிகை, தபாற்பை யாவும் வரும். எப்பொருளையும், எவர் கொண்டுவரினும், ஏற்றிச் செல்லமாட்டோம் என்று மறுக்கும் உரிமை கம்பெனிகளுக்கு இல்லை. இப்பொதுக் கடமையை 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டமே நீக்கிற்று. இலாபம் தரும் சரக்கை மட்டும் பொறுக்கிச் சென்ற லொறிகளோடு, எதையும் மறுக்கவியலாத புகையிரதம் அதுவரை போட்டியிட நேர்ந்தது.

இனி அந்நிலையத்தின் பெயரை வாழவைத்த நாளுக்கு வருவோம். 1914 யூன் 24ஆந் திகதி எட்வேர்ட் தோமஸ் என்னும் எழுத்தாளர் தம் மனைவியோடு, அமெரிக்கக் கவிஞர் றொபேட் புறொஸ்ட்டைக் காணும் பொருட்டு, இப்பாதையிலே பயணஞ் செய்தார். வண்டி அடில்ஸ்ட்ரொப்பில் நின்றது. மேடையில் ஆளரவம் இல்லை. பறவைகளின் ஒலி கேட்டது. தோமஸ் தம் குறிப்பேட்டில் அதனைக் குறித்துக்கொண்டார். அக்காலத்தில் அவர் உரைநடை எழுதிப் பிழைப்பவர், கவிதை எழுதியவரல்லர். நான்கு நாள் கழிந்து சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகத்து 4ஆந் திகதி பிரித்தானியா போரிற் குதித்தது. புறொஸ்ட்டின் தூண்டுதலால் அவ்வாண்டின் இறுதியிலே கவிதை எழுதத் தொடங்கிய தோமஸ், 1915 சனவரியில் அக்குறிப்பை 16 அடிகள் கொண்ட பாட்டாக்கினார். அதே ஆண்டு படையிற் சேர்ந்த அவர், 1917 ஏப்ரில் 9ஆந் திகதி பிரான்சில் அராஸ் போர்முனையில் மாண்டார். மூன்று வாரத்துள் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பாட்டு வெளியாயிற்று. அதை அச்சிற் காண அவர் இல்லை.

இப்பாட்டை வகுப்பிலே விளக்கும் போதெல்லாம் எவரேனும் ஒரு மாணவர், 'ஒருவருமே வராத நிலையத்தில் வண்டியை ஏன் நிறுத்தினார்கள்?' என்று கேட்பதுண்டு. மிக நல்ல கேள்வி. பாலும் தபாலும் வைகறையிற் போய்விட்டன. சந்தைக்குச் சென்றோர் மாலையில் மீள்வர். நடுப்பகலில் வண்டிச் சாளரத்தினூடே நோக்கும் பயணிக்கு மேடை வெறுமையாகவே தோன்றும். கவிஞர் கண்டது உண்மை. ஆனால் அது ஒரு நிமிடத்தின் உண்மை.

மாணவர் கேட்ட அதே கேள்வியை ஐம்பதாண்டு கழித்து அரசாங்கமும் கேட்டது. 1948இல் புகையிரதங்கள் நாட்டுடைமையாயின, மோட்டார் வண்டிகள் பெருகின, நட்டம் ஏறிற்று. இரசாயனக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைத்துவரப்பட்ட கலாநிதி றிச்சர்ட் பீச்சிங், 1963 மார்ச் 27ஆந் திகதி தம் அறிக்கையை வெளியிட்டார். பாதையின் மூன்றிலொரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் நூற்றுக்கு 1 வீதத்தை மட்டுமே தாங்குகின்றது என்றும், நிலையங்களிற் பாதி சேர்ந்து நூற்றுக்கு 2 வீத வருவாயையே ஈட்டுகின்றன என்றும் காட்டி, 2,363 நிலையங்களை மூடுமாறு அவர் விதந்துரைத்தார். கணக்குப் பிழையானதென்று கூறல் அரிது. எனினும் அதற்கு ஆதாரமாகக் கொண்டது 1961 ஏப்ரிலில் ஒரேயொரு வாரத்தில் எடுத்த எண்ணிக்கை. கிராமத்திலே சீட்டு வாங்கியவர் தூர நகரம் வரை கடுகதி வண்டியிற் சென்றாலும், அந்நீண்ட பயணம் கிளைப்பாதையால் விளைந்ததென்பது கணக்கில் உரிய இடம் பெறவில்லை என்று கண்டித்தோர் பலர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டென்பதே எம் கருத்து.

அதே வேளை, பழி முழுவதையும் பீச்சிங் தலையிற் சுமத்தலுந் தகாது. நிலையம் ஊருக்குப் புறத்தே இருந்ததென முன்னர்க் கூறினோமல்லவா? வாசலிலேயே பேருந்து வந்து நின்ற பின், மூட்டையோடு நிலையம் வரை நடப்பதற்கு யார் விரும்புவர்? 1853இல் கம்பெனி மிச்சப்படுத்திய தூரத்துக்கு ஊரார் நூறாண்டு கழித்து விலை கொடுத்தனர்.

1966 சனவரி 3ஆந் திகதி அடில்ஸ்ட்ரொப் மூடப்பட்டது. பக்கத்து நிலையங்களான பிளொக்லி, காம்ப்டன் ஆகியவற்றுக்கும் அதே நாளே முடிவு நாள். கட்டடங்களும் இடிக்கப்பட்டன. பாதை மட்டும் பிழைத்தது. 1971இல் அதன் நெடும்பகுதி ஒற்றைத் தண்டவாளமாகக் குறுக்கப்பட்டது. பயணிகள் பெருகவே 2011இல் ஒரு பகுதி மீண்டும் இரட்டையாயிற்று. 1969இல் மூடிய ஹனிபோண் நிலையம் 1981இல் மறுபடி திறக்கப்பட்டது. அடில்ஸ்ட்ரொப்புக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஊரார் வண்டியேறக் கிங்ஹம் நிலையத்துக்குச் செல்லுதல் வேண்டும். இலண்டனுக்கும் வூஸ்டருக்கும் ஓடும் வண்டிகள் பழைய மேடை இருந்த இடத்தை வேகம் தணியாமற் கடந்து செல்கின்றன. 2014 யூன் 24ஆந் திகதி, நூற்றாண்டு நிறைவை ஒட்டி ஒரு சிறப்பு வண்டி மட்டும் இப்பாதையில் விடப்பட்டது.

நிலையத்தின் பெயர்ப்பலகையை ஊரார் அழியவிடவில்லை. மேடையிற் கிடந்த வாங்கு ஒன்றையும் காத்து, தோமஸின் பாட்டைப் பொறித்த தகடொன்றை அதிற் பதித்திருக்கின்றனர். பலகையும் வாங்கும் இப்பொழுது இருப்பது ஊர் நடுவே, பேருந்துக்குக் காத்திருப்போர் ஒதுங்கும் சிறு கொட்டிலில்.