சொற்பொருள் உணருமாறு

சொற்குப் பொருள் இதுவென எவரும் எடுத்துரையாதவழியும் குழவி அதனை உணருமாறு யாங்ஙனம்? முதியோர் வழக்கே அதற்கு வாயிலென்பர் மீமாஞ்சகர். முதியோன் ஒருவன் இளையோனை நோக்கிப் 'பசுவைக் கொணர்க' என, அவன் கொணர்கின்றான். அருகிருந்த குழவி அத்தொடர்க்கு அச்செயலே பொருளெனத் திரளாகக் கொள்ளும். பின்னர்ப் 'பசுவைக் கட்டுக', 'குதிரையைக் கொணர்க' என்புழி, ஒரு சொல் நிற்ப ஒரு சொல் மாறுதலையும், அதற்கேற்பப் பொருளுஞ் செயலும் மாறுதலையும் கண்டு, இச்சொற்கு இது பொருளெனப் பிரித்தறியும். சொல்லை இடுதலும் எடுத்தலுமாகிய இதனை வடநூலார் ஆவாபம், உத்வாபம் என்ப.

இம்முறை குழவிப்பருவத்தோடு ஒழிவதன்று. பசுவை ஆவென்றே கற்ற மாணாக்கன் சித்தாந்த நூலுட் புகுங்கால், பதி, பசு, பாசம் என்னும் வைப்பில் அச்சொல்லை மீண்டுங் காண்கின்றான். பாசத்தாற் கட்டுண்பது, பதியருளால் வீடுபெறுவது எனப் பலவிடத்தும் பயில்வனவற்றை ஒத்துநோக்க, அஃது ஈண்டு உயிரைக் குறித்ததென்பது விளங்கும். அங்ஙனம் நோக்காதான் 'பசுஞானம்' என்பதனை ஆவின் அறிவெனக் கொண்டு நூற்பயன் இழப்பன்.

நிகண்டு ஒரு சொற்குரிய பல பொருளையுந் தரும். அவற்றுள் இவ்விடத்திற்கு உரியது இதுவெனத் துணிவிப்பன அடுத்து நின்ற சொற்களே. ஓரிடங் கொண்டு துணிதலும் சாலாது. ஆகலின், அருஞ்சொற் கண்டுழி அது வரும் பிறவிடங்களையும் உடன்வைத்து ஓதுதல் கற்பார்க்கு இன்றியமையாததென்க.