ஆஃப்பாயிலா, முழு வேக்காடா?

ஐந்தாம் மாதத்தில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையிலேயே, “அம்மா, ஒரு ஆஃப்பாயில் போட்டுக் குடேன்” என்றாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேனோ இல்லையோ, கூடத்திலிருந்து என் மாமியாரின் குரல்: “மாசமா இருக்கிற பொண்ணுக்கு முட்டையா? சூடு! வேண்டவே வேண்டாம்!” மகளின் முகம் வாடிவிட்டது.

டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். “முட்டை தாராளமா குடுங்க. ஆனா ஆஃப்பாயில் வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகிற வரைக்கும் வேகணும்” என்றார். பாட்டிக்கும் பேத்திக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி!

காரணம் இதுதான். அரைவேக்காட்டில் சால்மனெல்லா என்ற கிருமி சாகாமல் தங்கிவிடலாம். அதனால் வரும் வாந்தி, பேதியைக் கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைகளும், வயதானவர்களும் தாங்க மாட்டார்கள். நன்றாக வெந்த முட்டையின் புரதம் சுலபமாக ஜீரணமாகும் என்பது இன்னொரு லாபம்.

சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ‘கொழுப்பு’ என்று நாம் ஒதுக்கும் மஞ்சள் கருவில்தான் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, சிசுவின் மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின் ஆகியவையும் அங்கேதான். அதே மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்டிராலும் உண்டு. ஆகவே இருதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பொரிப்பதால் முட்டை கெட்டதாகிவிடுமா? இல்லை. கவனிக்க வேண்டியது எண்ணெயைத்தான். வேகவைத்த முட்டையில் 70, 75 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரிக்கு மேல் சேர்த்துவிடும். இரண்டு ஸ்பூன் ஊற்றினால் முட்டையைவிட எண்ணெயின் கலோரி அதிகம்!

நான் செய்யும் விதம்: தோசைக்கல்லில் அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவேன். வெள்ளைக் கரு படிந்ததும் திருப்பிப் போட்டு, மஞ்சள் கரு கெட்டியானதும் எடுப்பேன். ஓரம் கருக விடுவதில்லை. முட்டையில் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் கிடையாது. அதனால் தொட்டுக்கொள்ள வெங்காயம், தக்காளி பச்சடி. சில நாள் ஒரு பிடி முருங்கைக்கீரையை வதக்கி ஆம்லெட்டில் சேர்த்துவிடுவேன்.

இப்போதெல்லாம் என் மாமியாரே அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்க்கிறார். “கரு நல்லா வெந்துச்சான்னு பார்த்துக் குடு, பொண்ணு சாப்பிடட்டும்!”