தொண்ணூறு என்றால் எந்தத் தொண்ணூறு?

கிள்ளான் துறைமுகத்திலிருந்து வெளியே வரும் கொள்கலன் லோரி ஒன்றின் பின்னால் சிக்னலில் நிற்க நேர்ந்தால், அதன் கதவைப் படித்துப் பாருங்கள். அதிகபட்ச மொத்த எடை, உதாரணமாக, 30,480 கிலோ என்றிருக்கும். அதற்கு நேர் கீழே 67,200 பவுண்டு. வெற்றுப் பெட்டியின் எடையும் அப்படியே இரண்டு முறை. கொள்ளளவு கன மீட்டரில் ஒரு தடவை, கன அடியில் ஒரு தடவை. பெயிண்டில் எழுதிய எந்த அளவும் அலகில்லாமல் நிற்காது. கிள்ளானில் ஏற்றி ராட்டர்டாமில் இறக்கினாலும் அதைத் தவறாகப் படிக்க வழியில்லை.

அந்த லோரியின் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் பெட்டி அனுப்பும் எண்களுக்கு இந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒரு முறை வேகம், இடம், வெப்பம், எண்ணெய் அளவு என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அலுவலகக் கணினியில் இருக்கும் கண்காணிப்பு மென்பொருள் அதை வாங்கி வைக்கிறது. வேகம் 48.6 என்று ஓர் எண் வந்தால், அது கிலோமீட்டரா, மைலா, கடல் மைலா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இது ஏதோ நிரலாளர்களின் சில்லறைத் தகராறு அல்ல. 2025 ஜூன் 9ஆம் தேதி, கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்ற விதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. அக்டோபர் முதல் கட்டம் கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் எல்லை மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது இப்போது லோரி, பேருந்து முதலாளிகள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் கருவி வாகனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் யார், எப்போது, எங்கே எல்லையைத் தொட்டார் என்று முதலாளிக்குச் சொல்வது கண்காணிப்பு மென்பொருள்தான். அதற்குள் யாரோ ஒருவர் ஒரு வரி எழுதியிருப்பார்: வேகம் 90ஐத் தாண்டினால் மேனேஜரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பு. இப்படி எழுதும் குட்டி நிரலைத்தான் ஸ்கிரிப்ட் என்கிறோம்.

டிராக்கார் என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் வாகனங்களைப் பின்தொடரப் பயன்படுவது, இலவசமாகக் கிடைப்பது, நல்ல மென்பொருள். திரையில் வேகத்தைக் கிலோமீட்டரில் காட்டு என்று நாம் அமைத்துவிட்டால் 90 என்றே காட்டும். ஆனால் உள்ளே அது வேகத்தை நாட் என்ற கடல் அலகில் சேமித்து வைக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதிலேயே நாம் எழுதும் கணக்குச் சூத்திரத்துக்கும் அந்த நாட் எண்தான் போய்ச் சேரும். திரையில் 90, ஸ்கிரிப்டின் கையில் 48.6.

தரையில் ஓடும் லோரிக்குக் கடல் அலகு எதற்கு? ஜிபிஎஸ் சில்லுகள் பேசும் மொழி கப்பல் கருவிகளுக்காக வகுக்கப்பட்டது. அமெரிக்கக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983இல் கொண்டுவந்த வரையறை அது. அதன் ஒரு வகை வாக்கியத்தில் வேகம் நாட் அலகில் மட்டும் வரும், அலகுக்கு அடையாளமே இராது. இன்னொரு வகையில் அதே வேகம் நாட்டிலும் கிலோமீட்டரிலும் வரும், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகைக் குறிக்கும் ஓர் எழுத்துடன். கொள்கலன் கதவைப் போலவே. அந்த எழுத்தையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தால் பாதிச் சிக்கல் வந்தே இருக்காது.

சரி, அந்த ஒரு வரி ஸ்கிரிப்ட் நாட் எண்ணை 90 உடன் ஒப்பிட்டால் என்ன நடக்கும்? மணிக்கு 166.7 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் செய்தி போகும். சரக்கு ஏற்றிய எந்த லோரியும் அவ்வளவு வேகம் போகாது. ஆகவே எச்சரிக்கை ஒருநாளும் வராது. மேனேஜர் தன் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஏற்கெனவே கிலோமீட்டரில் வந்த எண்ணை மறுபடியும் 1.852ஆல் பெருக்கிவிட்டால், ஷா ஆலாம் உள்சாலையில் 50இல் போகிறவருக்கும் எச்சரிக்கை அடிக்கும். அது பரவாயில்லை, ஒரே நாளில் யாராவது கத்துவார்கள், சரி செய்துவிடலாம். சத்தமே போடாத பிழைதான் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும்.

“பெருக்கிக்கொண்டால் போயிற்று” என்பதுதான் பலர் சொல்லும் தீர்வு. கையால் பெருக்கியதன் விலை எவ்வளவு என்பதை 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம் காட்டியது. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்த போயிங் 767 கிலோவில் கணக்கிடும் புதிய விமானம். எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. தொட்டிக்குள் கோல் விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரை எடையாக்கக் கணக்கிட்டவர்கள் பெருக்கிய எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண்; கிலோவுக்கு 0.803 என்று வந்திருக்க வேண்டும். விளைவாக, 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் ஊற்றினார்கள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானி அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கணக்கில் பெருக்கல் பிழை ஒன்றும் இல்லை. பெருக்கிய எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாற்றும் வேலையை ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனித்தனியாகச் செய்யக் கூடாது. மதிப்பை எடுத்துத் தரும் இடத்திலேயே அது நடக்க வேண்டும். இதை நேர்த்தியாகச் செய்திருப்பது ஓப்பன் வெஹிக்கிள் மானிட்டரிங் சிஸ்டம் என்ற திறந்த மூலத் திட்டம். டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டரை வைத்திருந்தவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு நிஸான் லீஃப், ரெனோ ட்விஸி எனப் பல மின்சாரக் கார்களுக்கு விரிந்தது. காருக்குள் பொருத்தும் சிறு பெட்டி அது. உள்ளே ஜாவாஸ்கிரிப்டில் நாமே ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிடலாம். வேகம், மின்கலச் சார்ஜ், டயர் அழுத்தம் என்று அது சேர்க்கும் ஒவ்வொரு தகவலும் வெறும் எண்ணாக அல்லாமல், தன் அலகையும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும் கூடவே வைத்துக்கொண்டிருக்கும்.

அதில் ஸ்கிரிப்ட் ஒரு மதிப்பைக் கேட்கப் பயன்படும் ஃபங்ஷனில், எந்த அலகில் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். டயர் அழுத்தத்தைக் கொடு, பிஎஸ்ஐயில் கொடு என்றால் அப்படியே வரும். கிலோபாஸ்கலில் இருப்பதை 6.895ஆல் வகுக்கும் வேலை நம்முடையது அல்ல. அலகைக் குறிப்பிடாமல் கேட்டால், உள்ளே சேமித்திருக்கும் அலகிலேயே, இந்த வசதி வருவதற்கு முன்பு வந்தது போலவே வரும். இந்தக் கடைசி ஏற்பாடு சின்னதாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அலகு சொல்லாதவர்களுக்குப் பயனரின் விருப்ப அலகில் கொடுப்போம் என்று மாற்றியிருந்தால், நேற்றுவரை சரியாக ஓடிய பழைய ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஒரே இரவில், ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல், தப்பு விடை தரத் தொடங்கியிருக்கும்.

மாற்றம் என்பது எப்போதும் ஒரு பெருக்கல் அல்ல என்பதும் இதை ஒரே இடத்தில் வைப்பதற்குக் காரணம். குளிர்பதனக் கொள்கலனை எடுத்துக்கொள்ளுங்கள். உறைந்த இறைச்சிக்கும் மீனுக்கும் வைக்கும் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். உணரி ஃபாரன்ஹீட்டில் அனுப்புகிறது, ஒருநாள் அதன் ஒயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு இல்லை. கவனமில்லாத ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்பதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். சுழியம் ஃபாரன்ஹீட்டைச் செல்சியசாக்கினால் வருவது மைனஸ் 17.8. திரையில் எல்லாம் பத்திரமாக இருப்பதாகத் தெரியும். உள்ளே சரக்கு உருகிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. இல்லாத மதிப்பை மாற்றாமல், இல்லை என்றே திருப்பித் தர வேண்டியது மாற்றும் ஃபங்ஷனின் கடமை. வித்தியாசங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறியது என்றால் ஃபாரன்ஹீட்டில் 18 டிகிரி ஏறியது என்று பொருள், 50 அல்ல.

எரிபொருள் கணக்கு இன்னும் வில்லங்கமானது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. மானிய விலைக்கான அட்டை கிடைத்த நிறுவனங்களும் கிடைக்காத நிறுவனங்களும் அன்றிலிருந்து ஒவ்வொரு லோரியின் செலவையும் உற்றுப் பார்க்கின்றன. சில வாகனங்கள் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். சில 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். ஒன்று மற்றொன்றின் தலைகீழ். ஒரு லோரி 100 கிலோமீட்டர் தூரத்தைச் சரக்கோடு லிட்டருக்கு 2 கிலோமீட்டர் வீதம் ஓடி, வெறுமையாகத் திரும்பும்போது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் ஓடினால், சராசரி 3 என்று எழுதத் தோன்றும். உண்மையில் 200 கிலோமீட்டருக்கு 75 லிட்டர் போயிருக்கிறது, சராசரி 2.67தான். 100 கிலோமீட்டருக்கு 50 லிட்டர், 25 லிட்டர் என்று வைத்துச் சராசரி எடுத்தால் 37.5 என்று சரியாக வரும். ஆகவே எந்த அலகில் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் பின் எதற்கு மாற்றுவது என்ற வரிசையும் முக்கியம். வண்டி நின்றபடி இயந்திரம் ஓடினால், தூரம் சுழியம், வகுக்கவே முடியாது. அதற்கும் ஃபங்ஷனிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

இந்த நாட்டில் அலகுகள் கலந்து கிடப்பது புதிதல்ல. 1972ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டத்தை ஒட்டி மெட்ரிக் முறை வந்து, மைல், கேலன் எல்லாம் சட்டப்படி விடைபெற்றன. ஆனாலும் ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயரே பத்து செபெலாஸ் செராஸ், அதாவது பதினோராவது மைல். பிரிக்பீல்ட்ஸ் சந்தில் நிற்கும் எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் டயர் காற்று ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் ஒன்று, பிஎஸ்ஐ ஒன்று: உதாரணமாக 230, 33. எண்ணெய் நிலையத்தில் காற்றடிக்கும்போது எந்த எண்ணை அமுக்குவது என்று நம்மவர்களுக்குத் தெரியும். ஸ்கிரிப்டுக்கு அந்தப் பழக்க அறிவு கிடையாது, சொன்னால்தான் தெரியும்.

கண்காணிப்புச் சேவை வாங்கியிருக்கும் லோரி முதலாளிகள் இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு வண்டியைச் சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் சற்று நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு திரையை விட்டுவிட்டு, எச்சரிக்கை ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் பார்த்த எண் எது என்று சேவை தருபவரிடம் கேளுங்கள். டேஷ்போர்டு முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் ஓரிரண்டு குறையலாம். 60ஐ ஒட்டி வந்தால் நல்லது. 32 என்று வந்தால் நாட், 37 என்று வந்தால் மைல், 16.7 என்று வந்தால் விநாடிக்கு மீட்டர். 111 என்று வந்தால், ஏற்கெனவே மாற்றிய எண்ணை யாரோ இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள்.