"ரத்தம் கறுப்பா இருக்கே, டாக்டர்!"

நான் மயக்க மருந்துத் துறையில் படித்த எண்பதுகளில், நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவோம். ஆபரேஷன் முடிகிறவரை மறுமுனை எங்கள் காதில். இடது கை மாஸ்க்கைப் பிடித்திருக்கும். அதே கையின் சுண்டுவிரல் தாடையோரத்தில் நாடியைத் தேடும். வலது கை பையை அழுத்தும். கண் உதட்டின் நிறத்தில். இத்தனைக்கும் மேல், ஆக்சிஜன் குறைவதை முதலில் கவனிப்பவர் பல நேரம் சர்ஜனாக இருப்பார். "ரத்தம் கறுப்பா இருக்கே, டாக்டர்" என்பார். வயிற்றைக் கலக்கும்.

கண்ணுக்குத் தெரியும்போது பாதிக் காலம் கடந்திருக்கும். 1947-இல் காம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நீலம் உறுதியாகத் தெரியவில்லை. ரத்தசோகை உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். நீலம் பாரிக்க, ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் ஓரளவாவது சேரவேண்டும். பிரசவத்துக்கு ஹீமோகுளோபின் 6, 7 என்ற அளவோடு வரும் பெண்ணின் உடம்பில் அதற்கே வழியில்லை. மூச்சுத் திணறினாலும் உதடு வெளிறித்தான் இருக்கும்.

இந்தக் குருட்டாட்டத்தை முடித்துவைத்தவர் டகுவோ அயோயாகி. ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தின் பொறியாளர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறு. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டைக் கெடுத்தது. இரண்டு நிற ஒளிகளைக் கொண்டு அந்தத் துடிப்பைக் கழித்துப் பார்த்தார். ஆக்சிஜன் மாறியபோது கழித்தல் கணக்கு தப்பியது. அங்கேதான் பொறி தட்டியது: தொல்லை தரும் அந்தத் துடிப்பே ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது! தோல், சதை, எலும்பு எல்லாம் அசையாமல் இருக்க, தமனி ரத்தம் மட்டும்தான் துடிக்கிறது. துடிக்கும் பகுதியில் சிவப்பு ஒளி எவ்வளவு, அகச்சிவப்பு எவ்வளவு என்று பார்த்தால் போதும். 1974-இல் இதை அறிவித்தார். கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதன் பேரப்பிள்ளை. கொரோனா பரவிய அதே 2020-இல், ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்தபோது மூன்று தியேட்டருக்கு ஒரே கருவி. எந்த கேஸுக்கு என்று காலையிலேயே சண்டை நடக்கும். அதில் எனக்குப் பிடித்தது எண் அல்ல, சத்தம். ஆக்சிஜன் இறங்க இறங்க 'பீப்' ஒலியின் சுருதி இறங்கும். முதுகைத் திருப்பி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாலும் காது சொல்லிவிடும்.

இனி ஒரு வேடிக்கை. 1993-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 20,802 நோயாளிகளைக் கொண்டு கருவி உண்டு, இல்லை என்று பிரித்து ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார்கள். கருவி இருந்தவர்களிடம் ஆக்சிஜன் குறைவு 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் மரணத்திலோ, மொத்தச் சிக்கல்களிலோ கணிசமான வித்தியாசம் இல்லை. மயக்க டாக்டர்களைக் கேட்டால், 80 சதவீதம் பேர் அது இருந்தால் தைரியமாக இருக்கிறது என்றார்கள். மயக்கத்தில் மரணம் அபூர்வம் என்பதால் இருபதாயிரம் பேரிலும் வித்தியாசம் பிடிபடுவது கடினம். அந்த ஆய்வில் குற்றமில்லை. ஆனாலும், அது இல்லாமல் மயக்கம் கொடுக்கச் சொன்னால் நான் தியேட்டரை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

கருவிக்கும் குறை உண்டு. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. தோலின் நிறம் ஒளிக்கணக்கை ஏமாற்றுகிறது. நம் ஊர் நிறத்துக்கு இதை அலட்சியம் செய்ய முடியாது. எண் 94 என்று காட்டி, ஆள் திணறினால், நான் நம்புவது ஆளைத்தான்.

அடர்ந்த நெயில் பாலிஷும் கறுத்துப் பிடித்த மருதாணியும்கூடச் சில நேரம் கணக்கைக் கெடுக்கும். வளைகாப்பு முடிந்து, பத்து விரலும் சிவக்கச் சிவக்க சிசேரியனுக்கு வரும் பெண்களைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தாராளமாக வைத்துவிடுங்கள், ஒரு விரல் நுனியை மட்டும் எங்களுக்கு விட்டுவையுங்கள்.