ஊரில் ஒரு வீடு: அனுமதியும் உரிமையும்

பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பாட்டன் காலத்து மனை ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அந்த மனையில் சிறிது நேரம் நிற்கிறோம். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் முதிர்ந்ததும், ஊரிலுள்ள கொத்தனாரிடம் வாய்மொழியாகப் பேசி முடித்துச் சேமிப்பை அனுப்பத் தொடங்குகிறோம். “கிராமந்தானே, யாரைக் கேட்க வேண்டும்?” என்று உறவினர் ஊக்கமும் அளிக்கின்றனர். யாரைக் கேட்க வேண்டும், எதற்காகக் கேட்க வேண்டும் என்பதை இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

முதலாவதாக, கிராமத்திற்கும் கட்டடச் சட்டம் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் அனுமதி இன்றி எவரும் தம் மனையில் வீடு கட்டலாகாது. இதற்கெனத் தனியான கட்டட விதிகள் 1997இல் வகுக்கப்பட்டன. பின்னர் 2019இல், மாநகரம் முதல் சிற்றூர் வரை எல்லாவற்றிற்கும் பொதுவான வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. கிராமத்தில் அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு உரியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் அவ்வதிகாரத்தைச் செலுத்துவார். பெரிய கட்டடமாயின், நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதலை முன்னதாகப் பெறவேண்டும். மலைப்பகுதிக் கிராமங்களுக்குத் தனியான கட்டுப்பாடுகளும் உள்ளன.

விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகந்தோறும் அலைந்த காலம் மாறிவிட்டது. ஒற்றைச் சாளர இணையதளத்தின் வாயிலாக, நாம் வாழும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலையில் சுயசான்று முறை ஒன்றும் தொடங்கப்பட்டது. மனை 2,500 சதுர அடிக்கு மிகாமலும், கட்டும் வீடு 3,500 சதுர அடிக்கு மிகாமலும், தரைத்தளமும் முதல் மாடியும் என்ற அளவுக்குள் அமைந்தும் இருப்பின், விவரங்கள் உண்மை என்று உரிமையாளரே சான்றளித்துக் கட்டணம் செலுத்தியவுடன் அனுமதி கிடைத்துவிடும். கிராமத்துக் கணக்கில் சொன்னால், 2,500 சதுர அடி என்பது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட். இதனினும் பெரிய மனையாயின், பதிவு பெற்ற பொறியாளர் வரைந்த வரைபடத்துடன் வழக்கமான முறையில் விண்ணப்பித்தல் வேண்டும்.

இவ்வளவு எளிதாயின் இதில் இடர்ப்பாடு எங்கே என்று கேட்கலாம். இடர்ப்பாடு வரைபடத்தில் இல்லை. மனையின் உரிமையில் இருக்கிறது. “இந்த நிலம் யாருடையது? எவ்வகை நிலம்?” என்பனவே விண்ணப்பம் கேட்கும் முதற்கேள்விகள். அவற்றிற்கு விடையாகப் பத்திரம், பட்டா, நிலஅளவை வரைபடம் ஆகியவற்றைக் காட்டவேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் தடுமாறுவது இவ்விடத்திலேதான்.

பல குடும்பங்களில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. அவருக்குப்பின் தந்தையாரும் காலமாகி, மக்கள் நால்வரும் நான்கு திசைகளில் வாழ்கின்றனர். “மனை உனக்குத்தான்” என்று குடும்பத்தார் கூடிப் பேசியிருக்கலாம். ஆயினும் பேச்சு பத்திரமாகாது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்து, அதன்பின் பட்டாவை மாற்றிக்கொள்வதே முறை.

இங்கே உடன்பிறந்த பெண்களை மறந்துவிடுதல் நம்மிடையே பழகிப்போன பிழை. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தமட்டில், தந்தை உயில் எழுதாது இறப்பின், அவர் தாமே ஈட்டிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே கூறுகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை தரத் தமிழ்நாடு 1989இல் வழி செய்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அதனை நாடெங்கும் விரிவாக்கியது. மற்றச் சமயத்தவர்க்கு அவரவர்க்குரிய சட்டம் உண்டு. மணமாகிச் சென்ற தமக்கையின் கையெழுத்தின்றி எழுப்பிய சுவர், நாளை வழக்குமன்றத்தில் நிற்க நேரிடலாம். கட்டட அனுமதி என்பது கட்டுவதற்கு உரிய இசைவு மட்டுமே. நிலத்தின் உரிமையை அது தீர்மானிப்பதில்லை.

அடுத்து, நிலத்தின் வகை. ஊர் மக்கள் குடியிருப்பதற்கென்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்டது நத்தம். அங்கே வீடு கட்டுவது இயல்பே. நஞ்சையிலோ புஞ்சையிலோ கட்டுவதாயின், முதலில் நிலப்பயன் மாற்றத்திற்கு அனுமதி பெறவேண்டும். நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. நீர்நிலைப் புறம்போக்கில் அனுமதி கிடையாது. வயலைக் கூறுபோட்டு விற்ற மனையை வாங்கியவர்கள், அம்மனைப் பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று காணவேண்டும். அங்கீகாரமற்ற மனைகளுள் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்துவதற்கென 2017இல் விதிகள் வெளியாயின.

நம் அண்டை வீட்டு அன்பர் ஒருவர் ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பினார். அடித்தளம் முடிந்து சுவரும் எழுந்தது. எஞ்சிய செலவுக்கு வங்கிக் கடன் கேட்டபோது, அனுமதி பெற்ற வரைபடம் எங்கே என்றனர். அதைப் பெறச் சென்றவிடத்துப் பட்டா பாட்டனார் பெயரில் இருப்பது தெரிந்தது. பாகப்பிரிவினைக்கு ஒருவர் இசையவில்லை. இரண்டு மழைக்காலங்களைக் கூரையின்றியே கண்டது அவ்வீடு. பத்திர வேலையை முதலில் முடித்திருந்தால் அவருக்கு இத்துயரம் நேர்ந்திராது.

ஆகவே நாம் மேற்கொள்ள வேண்டிய வரிசை இது. முதலில், இருக்கும் இடத்திலிருந்தே இணையதளத்தில் பட்டா விவரத்தையும் நிலஅளவை வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தல். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பெறுதல். இரண்டாவது, வாரிசுகள் அனைவரையும் கலந்து பத்திரத்தையும் பட்டாவையும் நேர்செய்தல். மூன்றாவது, அடுத்த விடுமுறையில் நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் காணுதல். அதன்பின் பொறியாளரிடம் வரைபடம் பெற்று விண்ணப்பித்தல். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாதலால், வரைபடத்தில் அதற்கும் இடம் காட்டவேண்டும்.

நேரில் செல்ல இயலாதோர் உறவினருக்கு அதிகாரப் பத்திரம் தரலாம். ஆனால் எச்செயலுக்கு அதிகாரம் என்பதை அதில் வரையறுத்து எழுதுதல் நன்று. விண்ணப்பம் செய்யவும் கட்டணம் செலுத்தவும் கட்டட வேலையை மேற்பார்க்கவும் அதிகாரம் கொடுத்தால் போதும்; விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாகாது. சுயசான்று முறையில் விண்ணப்பிப்போர் மேலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: அங்கே சான்றளிப்பவர் நாமே. தகவல் பொய்யாயின் அனுமதி நீக்கப்படும்.

அனுமதி கிடைத்ததும் அதன் ஒரு படியையும் வரைபடத்தையும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம். அதில் கண்டுள்ள காலவரம்பைக் குறித்துக்கொண்டு, அதன்பின் கொத்தனாருக்கு முன்பணம் அனுப்புவோம். அடுத்த கோடையில் அந்த மனையில் நிற்கும்போது, உடன்பிறந்தார் அனைவரும் மனமொப்பி வந்து வாழ்த்த, முதற்கல்லை நாட்டலாம்.